செத்தவீடு என்று தேடுகிறவர்கள்

மகன்,

நேற்றுப் பின்னேரம் நாம் இருவரும் லொறிக்குக் கயிறு போட்டுக்கொண்டு நின்றபோது, "அப்பா, இணையத்தில போட்ட அந்தப் பக்கத்த, கலியாணம் முடியுமட்டும் எடுத்துவிடட்டா?" என்று கேட்டாய். நான் "பாப்பம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கயிற்றை இழுத்தேன். பதில் தெரியாமல் அல்ல. பதிலைச் சொல்ல முதல் நான் ஓரிடத்துக்குப் போய்வர வேண்டியிருந்தது. இன்று காலையில் போய் வந்துவிட்டேன். நேரில் சொல்லத் தொடங்கினால் நீ பாதியிலேயே "ஓமப்பா, ஓமப்பா" என்று தலையை ஆட்டிக்கொண்டு போனைப் பார்ப்பாய். எழுதி அனுப்பினால் அந்தப் போனிலேயே வாசித்துத்தான் ஆகவேண்டும். வாசித்த பிறகு நம் இணையத்தளத்தில் போட விரும்பினால் போடு. கடையை வைத்துக்கொண்டு, "நம்மட கடை ஏன்டா தேடினா வருதில்ல" என்று பிள்ளைகளிடம் கேட்கிற வேறு தகப்பன்மாரும் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

விசயம் இதுதான். நாம் பந்தல், கதிரை, சமையல் கிடாரம் வாடகைக்குக் கொடுக்கிறவர்கள். நீ கட்டப்போகிற பிள்ளை தர்ஷியின் தாய், உன் மாமி, கலியாண அட்டை அடிக்க முதல் நம் கடைப் பேரைச் சரிபார்க்கலாம் என்று போனில் தட்டியிருக்கிறார். முதலாவதாக வந்தது கலியாணப் பந்தல் அல்ல. "செத்தவீட்டுக்குப் பந்தல், கதிரை: மட்டக்களப்பு எங்கும்" என்று நீயும் நானும் சேர்ந்து எழுதிய பக்கம். அதைப் பார்த்துவிட்டுத்தான் தர்ஷி மூலம் உனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார், கலியாணம் முடியுமட்டும் அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்லி. நீயும் ஒரு மாதம்தானே என்று நினைக்கிறாய். நம் கடைக்கு வருகிற அழைப்புகளில் கூடுதலானவை அந்தப் பக்கத்தால் வருகின்றன என்பது எனக்குத் தெரிவதைவிட உனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் புது மாப்பிள்ளைக்கு மாமியார் சொல்லும் முதல் வார்த்தையைத் தட்டுவது லேசான காரியம் அல்ல என்பதும் எனக்குத் தெரியும். நம் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறவன். நானும் அப்படித்தான் உன் அம்மாவின் வீட்டுக்கு வந்து, இந்தத் தன்னாமுனையில் கடை போட்டேன். நீ மட்டக்களப்பு வாவியைத் தாண்டிக் கொக்கட்டிச்சோலைக்குப் போகிறாய். கடை இங்கே இருக்கும். இணையத்தளம் மட்டும் உன்னோடு வரும். அதனால் அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை, நீ போக முதல் சொல்லிவிடுகிறேன்.

முதலில், அந்தச் சொல்லைப் பற்றி. நம் கடையில் யாரும் "செத்தவீடு" என்று சொல்வதில்லை. நீ சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது "நல்ல வேலை", "மற்ற வேலை" என்ற இரண்டு பேர்தான். கலியாணம், சாமத்தியச் சடங்கு, கோயில் திருவிழா எல்லாம் நல்ல வேலை. மற்றது மற்ற வேலை. ஒருவர் வந்து "அண்ணன், எங்கட பெரியப்பா..." என்று இழுக்கும்போதே நாம் "விளங்குது, எந்த இடம்?" என்று கேட்டுவிடுவோம். அந்தச் சொல்லை அவரும் சொல்லமாட்டார், நாமும் சொல்லமாட்டோம். கதிரை போய்விடும். முகத்தைப் பார்த்து நடக்கிற வியாபாரத்துக்கு அது போதும், அது மரியாதையும்தான். பிழை எங்கே வந்தது என்றால், முகம் பார்க்காத இடத்துக்கும் நாம் அந்த மரியாதையைக் கொண்டுபோனதில்தான்.

நீ கொழும்பில் படித்துவிட்டு வந்து முதன்முதல் கட்டிய தளம் பார்க்க வடிவாக இருந்தது. நான் பார்த்த ஆட்களுக்கெல்லாம் காட்டினேன். மேலே பெரிய எழுத்தில், 'ஈவென்ட் மேனேஜ்மென்ட்' என்பதைத் தமிழாக்கி, "நிகழ்வு முகாமைத்துவம்" என்று போட்டிருந்தாய். எந்த ஊரிலோ எடுத்த மண்டபங்களின் படங்கள், பூ வளைவுகள், நம்மிடம் இல்லாத தங்க நிறக் கதிரைகள். படம் இறங்குவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். அது கிடக்கட்டும், ஒரு அழைப்புக்கூட வரவில்லை. எனக்குப் பொறுமை இல்லை. உன்னிடம் கேட்காமல், "முதல் இடம் உத்தரவாதம்" என்று போனில் பேசிய ஒருவரிடம் வேலையைக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் உண்மையாகவே மேலே வந்தோம். நான் மீன் சந்தையில் நின்றுகூடப் போனை நீட்டிக் காட்டினேன். பிறகு நீதான் ஒருநாள் சத்தம் போட்டுச் சிரித்தாய். "அப்பா, நம்மட கடைக்கு ஐஞ்சு நட்சத்திரம் போட்டிருக்காங்க, பாருங்க. 'அறைகள் சுத்தம், காலைச் சாப்பாடு அருமை, கடல் காட்சி அழகு' எண்டு எழுதியிருக்காங்க." நம்மிடம் ஏது அறை, ஏது காலைச் சாப்பாடு? பல்லுக்கு மருந்து விற்கிற தளம், செருப்பு விற்கிற தளம், கடன் கொடுக்கிற தளம் எல்லாம் நம் கடையைச் சுட்டிக் காட்டிக்கொண்டு நின்றன. அடுத்த கொஞ்ச நாளில் விழுந்தோம். விழுந்தது எப்படி என்றால், கடைப் பேரை முழுதாக எழுதித் தேடினால்கூட நாம் இல்லை. நீ அப்போது சொன்னதை நான் மறக்கவில்லை. "நீங்க வாங்கினது வாடகைக் கூட்டம் அப்பா. பந்தல் கழட்ட முதலே போயிரும்." கதிரை வாடகைக்குக் கொடுக்கிறவனுக்கு இதைவிட விளக்கமாக ஒருவரும் சொல்லமுடியாது. அந்தப் பொய் நட்சத்திரங்களையும் பொய் இணைப்புகளையும் ஒவ்வொன்றாக மறுத்து எழுதிச் சுத்தமாக்க நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒரு சொல்லும் சொல்லிக் காட்டாமல் செய்தாய்.

அதன் பிறகுதான் கனடாவிலிருந்து அந்த அழைப்பு வந்தது. நீ பக்கத்தில்தான் நின்றாய், இருந்தாலும் எழுதுகிறேன், இதை வாசிக்கிற மற்றவர்களுக்குத் தெரியவேண்டும். எடுத்தவர் ஒரு பெண்பிள்ளை, அழுதுகொண்டே பேசினார். வாகரையில் அவருடைய தகப்பன் மோசம் போய்விட்டார். வீட்டில் தாய் மட்டும்தான். பிள்ளைகள் எல்லாரும் வெளியில். நம் இலக்கத்தை யாரோ ஒரு சொந்தக்காரர் தேடிப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். வேலையெல்லாம் பேசி முடித்த பிறகு அவர் கேட்டார்.

"அண்ணன், நீங்க இணையத்தில இல்லையா? நான் எவ்வளவு தேடின. செத்தவீடு எண்டு போட்டா கொழும்புக் கடை ஒண்டுதான் வருது. எடுத்தா இங்கிலீசில கதைக்காங்க. வாகரை எங்க இரிக்கி எண்டு என்னட்டயே கேக்காங்க."

"இரிக்கம் புள்ள. மகன்தான் செய்த."

"அப்ப என்ன எண்டு போட்டா வருவீங்க?"

நான் போனை உன் கையில் தந்தேன். நீ தொண்டையைச் செருமிக்கொண்டு, "நிகழ்வு முகாமைத்துவம், மட்டக்களப்பு எண்டு போட்டா வரும் அக்கா" என்றாய்.

அழுதுகொண்டிருந்த மனிசி சிரித்துவிட்டார். "தம்பி, செத்தவீட்டுக்கு ஆரு நிகழ்வு முகாமைத்துவம் எண்டு தேடுவாங்க?"

என் வியாபார வாழ்க்கையில் யாரும் எனக்கு இவ்வளவு பெறுமதியான புத்தி சொன்னதில்லை. நம் முகத்தைப் பார்க்கமுடியாதவர், இழுத்துச் சொன்னாலும் விளங்கிக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில், தனக்குத் தெரிந்த ஒரே சொல்லை எழுதுகிறார். நாம் அந்தச் சொல்லைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு வேறெங்கோ நிற்கிறோம். தேடுபொறிக்கு நம் மரியாதை விளங்காது. எழுதியிருந்தால் காட்டும், எழுதாவிட்டால் நாம் இல்லை.

அந்தச் சொல்லை எழுதுவோம் என்று நீ சொன்னபோது உன் அம்மா விடவில்லை. "மனே, வீட்டில கலியாணப் பேச்சு நடக்குது. நீ குந்தியிருந்து செத்தவீடு, செத்தவீடு எண்டு எழுதுறாய். வேற சொல்லே இல்லையா?" என்றாள். நீயும் "துயர் பகிர்வு ஒழுங்கமைப்பு" என்று எழுதிப் பார்த்தாய். "இறுதிக் கிரியைச் சேவை" என்று எழுதிப் பார்த்தாய். பத்திரிகைத் தமிழ், ஒரு பிழையும் இல்லை. ஆனால் என்ன சொல்லை எழுதி ஆட்கள் நம்மிடம் வந்தார்கள் என்று உன் கணினியில் பார்க்கிற இடம் இருக்கிறதே, அதில் அந்தச் சொற்கள் ஒருநாளும் வரவில்லை. செத்த வீடு என்று பிரித்து எழுதியவர்கள் இருந்தார்கள். சேர்த்து எழுதியவர்கள் இருந்தார்கள். தமிழ்ச் சொல்லை இங்கிலீசு எழுத்தில் எழுதியவர்கள் அதைவிடக் கூட. வெளிநாட்டுப் பிள்ளைகள் அல்லவா, வாயில் தமிழ் இருக்கிறது, போனில் தமிழ் எழுத்து இல்லை. கடைசியில் உன் அம்மாவே வந்து, "எழுது. ஆனா கலியாணப் பக்கத்தில எழுதாத, தனியா எழுது" என்றாள். அவள் சகுனத்துக்காகச் சொன்னாள். நீ "அதுதான் அம்மா முறையும். ஒரு பக்கம் ஒரு விசயத்தத்தான் சொல்லவேணும்" என்றாய். இரண்டு பேரும் வேறு வேறு காரணத்தால் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தீர்கள்.

அந்தப் பக்கத்தை நாம் எழுதிய விதம்தான் அதை மேலே கொண்டுவந்தது என்று நான் நம்புகிறேன். நீ கேட்டாய், "அப்பா, ஆக்கள் போன் எடுத்தா முதல்ல என்ன கேக்கிற?" என்று. நான் சொல்லச் சொல்ல நீ எழுதினாய். எவ்வளவு நேரத்தில் வந்து சேருவீர்கள், மழைக்குத் தாங்குமா, வாவிக்கு அந்தப் பக்கம் வருவீர்களா, லொறி போகாத ஒழுங்கையென்றால் என்ன செய்வீர்கள், எட்டாம் நாள் செலவுக்கும் முப்பத்தோராம் நாள் கிரியைக்கும் பந்தலை அப்படியே விடலாமா, ஊரில் ஆள் இல்லாவிட்டால் யாரோடு பேசுவீர்கள். பதில்களையும் நான் கதைக்கிற மாதிரியே எழுதினாய், எழுத்துத் தமிழில் கொஞ்சம் சரிசெய்து. ஓடாத லொறி ஓடும் என்று எழுதவில்லை. வாகரைக்கு நேரம் எடுக்கும் என்றால் எடுக்கும் என்றே எழுதினோம். நம் பந்தலை நம் போனில் எடுத்த படம், அதையும் சிறிதாக்கிப் போட்டாய், சிக்னல் குறைந்த இடத்திலும் திறக்கவேண்டும் என்று. வரைபடத்தில் கடையைக் குறித்து, பேரும் இலக்கமும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்தாய். முதலில் நான் ஒரு இடத்தில் பழைய இலக்கத்தையும் வேறொரு இடத்தில் உன் அம்மாவின் இலக்கத்தையும் கொடுத்து வைத்திருந்தேன். பிறகு அந்தக் கனடாப் பிள்ளை தங்கள் ஊர்ச் சங்கத்தின் தளத்தில் நம்மைப் பற்றி இரண்டு வரி எழுதி நம் பக்கத்துக்கு வழி போட்டுக் கொடுத்தார். கேட்காமல் கிடைத்தது. செருப்புக் கடைக்காரரின் இணைப்புகள் எல்லாம் சேர்ந்து செய்யாததை அந்த இரண்டு வரி செய்தது. மெல்ல மெல்ல ஏறினோம். ஏறியது பெரிதல்ல. ஏறிய பிறகு இதுவரை இறங்கவில்லை, அதுதான் பெரிது.

இதெல்லாம் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை என்று சொன்னால் நீ சிரிப்பாய். நான் கடை தொடங்கும்போது, மூடிப்போன ஒரு தியேட்டரின் இரும்புக் கதிரைகளை வாங்கி, துருவைச் சுரண்டி, ஒவ்வொன்றின் முதுகிலும் கடைப் பேரை எழுதினேன். முன்னால் இருக்கிறவருக்குத் தெரியாது, பின்னால் இருக்கிறவர் மணிக்கணக்காக அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றை நான் வெளியில் சொன்னதில்லை. கலியாண வீட்டில் கதிரைக்கு வெள்ளைத் துணி போட்டு மூடிவிடுவார்கள், பேர் தெரியாது. செத்தவீட்டில் துணி போடமாட்டார்கள். ஆட்கள் வேறு வேலையில்லாமல், முன்கதிரையின் முதுகைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருப்பார்கள். வாவிக்கு இந்தப் பக்கம், எழுவான்கரை முழுக்க நம் பேர் தெரிந்தது அப்படித்தான். கலியாணங்களுக்கு என்னைத் தேடி வந்தவர்களில் கனபேர் என் பேரை முதலில் வாசித்தது ஒரு செத்தவீட்டில். இந்த உண்மையை நான் நல்ல வேலை, மற்ற வேலை என்று சொல்லிச் சொல்லி எனக்கே மறைத்துக்கொண்டேன். உன் தேடுபொறி மறைக்கவில்லை.

இனி இன்று காலை விசயத்துக்கு வருகிறேன். மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைக்குப் போனேன். உன்னிடம் சொன்னால் நீயும் வருவாய், நீ வந்தால் மாமிக்கு முன்னால் வாய் திறக்கமாட்டாய், அதனால் சொல்லவில்லை. மச்சாள், உன் மாமிதான், வாசலிலேயே நின்றார். தேத்தண்ணி கொடுத்தார், நல்ல சாயம். பிறகு போனை என் முன்னால் வைத்தார்.

"இஞ்ச பாருங்க மச்சான். இதுதான் உங்கட கடை. என்ட தங்கச்சி லண்டனில இருந்து கேக்காள், 'அக்கா, புள்ளயச் செத்தவீட்டுக்காரனுக்கா குடுக்காய்' எண்டு. நான் என்ன மறுமொழி சொல்லுற?"

"கலியாண வீட்டுக்கும் கதிரை குடுக்கிறவங்கதான் எண்டு சொல்லுங்க மச்சாள்."

"சொல்லலாம். அது இதில வருதில்லையே!"

அவர் சொன்னது சரி. செத்தவீடு என்று தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் வரவேண்டும். கடைப் பேரைச் சொல்லித் தேடுகிறவருக்கு ஏன் அது முதலில் வருகிறது? ஏனென்றால் நம் முழுத் தளத்திலும் உயிரோடு இருக்கிற பக்கம் அது ஒன்றுதான். கலியாணப் பக்கத்தில் இன்னும் அந்தத் தங்கக் கதிரைப் படம்தான் கிடக்கிறது. யாரோ எழுதிய வசனம்தான் கிடக்கிறது. அதைத் தேடி ஒருவரும் வருவதில்லை, வந்தவரும் நிற்பதில்லை.

அப்போது தர்ஷி உள்ளேயிருந்து வந்தாள். "அம்மா, நான் அந்தப் பக்கத்த முழுக்க வாசிச்சன். 'கதைக்க ஏலாமல் இருந்தால் இடத்தை மட்டும் எழுதி அனுப்புங்கள், மற்றதை நாங்கள் கேட்டு அறிந்துகொள்வோம்' எண்டு இரிக்கி. இத எழுதின ஆளுக்குத்தான் நான் ஓம் எண்ட."

"நீ பேசாம இரு. கலியாணத்துக்கு முதலே அந்தப் பக்கம் சாயுறாள்" என்றார் மச்சாள். ஆனால் போனை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்சம் வாசித்தார். வாசித்துவிட்டு வேறொன்றைக் கேட்டார்.

"மச்சான், மறுகா ஒண்டு கேக்கன். நம்மட கலியாணத்துக்கு வாற கதிரை, அது வேறயா?"

"அதே கதிரைதான் மச்சாள்."

"அதே எண்டா?"

"அங்க போன கதிரைதான். வந்த உடன கழுவி, மஞ்சத் தண்ணி தெளிச்சித்தான் அடுக்குவம். துணி போட்டு மூடியும் தருவம். ஆனா வேற கதிரை எண்டு நான் பொய் சொல்லமாட்டன்."

"இதச் சொல்லாம விட்டிருக்கலாம் நீங்க."

"நீங்க கேட்டீங்க."

தர்ஷி சிரிப்பை அடக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். மச்சாளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் விடவில்லை. அவருடைய கவலை பொய்யான கவலை அல்ல, மகன். ஒரு தாய் தன் மகளின் கலியாண அட்டையைக் கையில் கொடுக்கும்போது, வாங்குகிறவர் போனில் தட்டிப் பார்த்து முகம் சுழிப்பதை நினைத்துப் பார்க்கிறார். அதை நாம் மூடநம்பிக்கை என்று சொல்லித் தள்ளக்கூடாது. நான் இரண்டையும் வைத்து யோசித்தேன். பக்கத்தை எடுத்தால் என்ன நடக்கும்? அது கடைக் கதவு அல்ல, பூட்டிவிட்டுப் பிறகு வந்து திறக்க. ஒரு மாதம் இல்லாத பக்கத்தின் இடத்தில் வேறொருவர் வந்து குந்திவிடுவார். திரும்பிப் போய், கொஞ்சம் எழும்புங்கள் என்று கேட்க முடியாது. அது நம் நட்டம், பொறுக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த மாதத்தில் தேடுகிறவர்கள்? நம் வீட்டில் கலியாணம் என்பதற்காக வாகரையில் ஒருவரும் மோசம் போகாமல் இருக்கப்போவதில்லை. அவருடைய பிள்ளை எங்கோ ஒரு குளிர் நாட்டில் இருந்து அந்தச் சொல்லை எழுதும்போது, வாகரை எங்கே என்று கேட்கிற ஆளிடம்தான் போய் விழவேண்டும்.

அதனால் நான் மச்சாளிடம் ஒரு பேரம் பேசினேன். பேரம்தான், எனக்குத் தெரிந்த தொழில் அது. "அட்டையில என்ட பேருக்குக் கீழ கடைப் பேர் போடவேணாம் மச்சாள். வெறும் பேர் போதும். கடைப் பேர் இல்லாட்டி ஆரும் தட்டிப் பாக்க மாட்டாங்க. பக்கம் இருக்கட்டும்."

அவர் கொஞ்சம் திகைத்துவிட்டார். "கடைப் பேர் இல்லாட்டி உங்கள ஆருக்குத் தெரியும் மச்சான்?"

கேட்டது பகிடியாகத்தான். ஆனாலும் குத்தியது. நான் சொன்னேன், "அட்டை போறது தெரிஞ்ச ஆக்களுக்குத்தானே. அவங்களுக்குப் பேர் தேவையில்ல. பக்கம்தான் நம்மளத் தெரியாத ஆக்களுக்கு."

மச்சாள் வெறும் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துத் தட்டில் வைத்தார். பிறகு, "சரி, கிடக்கட்டும். ஆனா கலியாணப் பக்கத்தையும் மேல ஏத்துங்க. ஏத்த ஏலுமா?" என்றார்.

"ஏலும். ஆனா நம்மட கலியாணத்துக்கு முதல் ஏலாது. அதுக்கு நாள் எடுக்கும்."

"நீங்க ஒண்டையும் இனிப்பாச் சொல்லமாட்டீங்க போல" என்றார். அவ்வளவுதான். பக்கம் இருக்கிறது. நீ அதில் கை வைக்காதே.

உன்னிடம் மறைக்கவில்லை, அட்டையில் கடைப் பேர் இல்லாதது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. இந்த ஊரில் நான் சம்பாதித்ததில் எனக்குப் பிடித்தது அந்தப் பேர்தான். ஒரே மகனின் கலியாணத்தில் அது அச்சில் வரவேண்டும் என்று நினைத்திருந்தேன். ஆனால் நான் பேரைக் கதிரை முதுகில் எழுதியது பெருமைக்கு அல்ல, தேவைப்படுகிறவர் கண்ணில் பட. அது இப்போது படுகிறது.

இனி நீ செய்யவேண்டிய வேலை. அந்தத் தங்கக் கதிரைப் படத்தை முதலில் கழற்று. மற்றவர்களின் வசனத்தை எல்லாம் அழி. "கலியாண வீடு" என்று எழுது, "திருமண வைபவ ஏற்பாடு" என்று எழுதாதே. எந்தச் சொல்லை எழுதுவது என்று சந்தேகம் வந்தால், கடைக்கு வருகிறவர் வாயைக் கவனி. கலியாணத்துக்குக் கேட்கிற கேள்விகள் வேறு. மணவறை உங்களிடமே இருக்கிறதா, மழை வந்தால் சமையல் கொட்டிலுக்கு என்ன செய்வது, எத்தனை பேருக்கு எவ்வளவு பெரிய கிடாரம், சாப்பாட்டுப் பந்தலைத் தனியாகப் போடலாமா. இவற்றுக்கெல்லாம் பதில் எழுது. படத்துக்கு எங்கேயும் போகவேண்டாம், உன் கலியாணத்துப் பந்தலையே படம் எடு. உன் முகம் தேவையில்லை, பந்தல் போதும். கடைப் பேரைத் தேடினால் முன்பக்கம் வரவேண்டும். அந்த முன்பக்கத்திலிருந்து கலியாண வீட்டுக்கு ஒரு வழியும் செத்தவீட்டுக்கு ஒரு வழியும் தெளிவாக இருக்கவேண்டும், இரண்டையும் ஒரே அளவு எழுத்தில் எழுது. ஒன்றைப் பெரிதாகவும் மற்றதைச் சிறிதாகவும் எழுதாதே. முதல் இடம் வாங்கித் தருகிறேன் என்று யாரும் பேசினால், உன் அப்பா அதை ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டார் என்று சொல்லிப் போனை வை. உடனே ஏறவில்லை என்று தினமும் பார்த்துக்கொண்டு இருக்காதே. புதுப் பெண்சாதியோடு இருக்கிறவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது வேறு விதத்தில் போய் முடியும்.

கடைசியாக ஒன்று. அந்தப் பக்கத்தில் இருப்பது உன் இலக்கம். கலியாணத்தன்றும் அது அடிக்கும். அடிக்கத்தான் வேண்டும், முதலாவதாக நிற்கிறவனைத்தான் ஆட்கள் முதலில் கூப்பிடுவார்கள். எடுக்காவிட்டால் அந்த இடத்தில் நின்று பயன் இல்லை. நீ மணவறையில் ஏறமுதல் போனை அணைத்துப் பைக்குள் வைக்காதே, என்னிடம் தா. நான் முன் வரிசையில் இருப்பேன், மாப்பிள்ளையின் தகப்பன் இருக்கவேண்டிய இடத்தில். நீ தாலி கட்டும் நேரத்தில் அடித்தால் நான் எழும்பிப் பந்தலுக்கு வெளியே போவேன். ஆட்கள் பார்ப்பார்கள், மச்சாளும் பார்ப்பார். ஐயர்கூட ஒருமுறை நிமிர்ந்து பார்க்கலாம். நீ மட்டும் திரும்பிப் பார்க்காதே. நான் வெளியே நின்று, "விளங்குது, எந்த இடம்?" என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் அப்பா